போர்ட் ஆஃப் ஸ்பெயினில் குடியேறுவது: வீடு, தண்ணீர், காகிதங்கள், கிரைண்டர், ஊர் சுற்றல்

புதுக்குடி:

வணக்கம். கரீபியன் தீவான ட்ரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இரண்டு வருட ஒப்பந்த வேலை. கணவன், மனைவி, எட்டு வயது மகள் என மூன்று பேர் சென்னையிலிருந்து கிளம்புகிறோம். அலுவலகம் துறைமுகத்தை ஒட்டிய ரைட்சன் ரோட்டில். முதல் மூன்று வாரத்துக்கு விடுதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் வீடு பிடித்துவிட வேண்டும்.

எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது? பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? கிளம்பும் முன் இங்கேயே முடிக்க வேண்டிய காகித வேலை என்னென்ன? மிக்சி, கிரைண்டர் அங்கே ஓடுமா? இட்லிக்கு வழி உண்டா? கார் வாங்கும் வரை முதல் சில மாதங்களை எப்படி ஓட்டுவது? சனி, ஞாயிறுகளில் குழந்தையோடு எங்கே போகலாம்?

தேடினால் ஒரு பக்கம் கார்னிவல் தெருத் திருவிழாப் படங்கள், இன்னொரு பக்கம் கொலைக் கணக்கு. இரண்டுக்கும் நடுவில் அன்றாடம் எப்படி இருக்கும் என்பதை யாரும் எழுதவில்லை.

---

தொட்டித்தண்ணீர்:

வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஆனால் விரிவாக. அந்த ஊரில் வீடு சரியாக அமைந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி. பால்கனியிலிருந்து கடல் தெரிகிறதா என்பதைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர், அடுத்தது காலை நேரச் சாலை.

குடிநீர் வாரியத்தை அங்கே 'வாசா' என்பார்கள். பல பகுதிகளில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது, முறை வைத்துத்தான் வரும். ஜனவரியிலிருந்து மே வரை கோடை, அப்போது முறை இன்னும் தள்ளிப்போகும். அதனால்தான் வீட்டுக்கு வீடு கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி நிற்கிறது. கேலன் கணக்கில் விற்பார்கள். கேலனுக்கு நாலரை லிட்டர் என்று வைத்தால் 400 கேலன் தொட்டி 1,800 லிட்டர். மூன்று பேர் சிக்கனமாக நாளுக்கு 450 லிட்டர் செலவழித்தாலும் நாலு நாளில் காலி. உங்களுக்கு 800 அல்லது 1,000 கேலன் இருக்கும் வீடு வேண்டும். அடுக்ககமாக இருந்தால், தொட்டி உங்களுக்கு மட்டுமா, எல்லா வீட்டுக்கும் பொதுவா என்று கேளுங்கள். எட்டு வீட்டுக்கு ஒரே 1,000 கேலன் தொட்டி இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

தொட்டி தரையில் இருந்தால் மோட்டாரும் அழுத்தத் தொட்டியும் சேர்ந்துதான் தண்ணீரை மேலேற்றும். கரண்ட் போனால் தண்ணீரும் போகும். மேடையிலோ கூரையிலோ இன்னொரு தொட்டி இருந்தால் அந்தக் கவலை இல்லை. வீடு பார்க்கப் போகும்போது ஒரு குழாயை மட்டும் பாதி திறந்துவிட்டு இரண்டு நிமிடம் மோட்டார் சத்தத்தைக் கேளுங்கள். ஓடி, நின்று, சீரான இடைவெளியில் மறுபடி ஓடினால் நல்லது. சில நொடிக்கு ஒரு முறை டக், டக் என்று விட்டுவிட்டு ஓடினால் அழுத்தத் தொட்டியின் காற்று இறங்கியிருக்கும், அல்லது உள்ளே இருக்கும் ரப்பர் பை கிழிந்திருக்கும். அப்படியே விட்டால் மோட்டார் சீக்கிரம் எரிந்துபோகும். கையெழுத்துக்கு முன்பே அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள், குடியேறிய பிறகு வேலை நகராது. தொட்டியின் மூடி இறுக்கமாக இருக்கிறதா, வழிந்தோடும் குழாயின் வாயில் வலை கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். டெங்கு அங்கே நிஜம். கொசு முட்டையிடுவது இந்த மாதிரி இடத்தில்தான்.

அடுத்து சாலை. நகரம் மலைக்கும் கடலுக்கும் இடையில் இடுங்கிக் கிடக்கிறது. மேற்கே வெஸ்ட்மூரிங்ஸ், டியேகோ மார்ட்டின் பக்கமிருந்து நகருக்குள் வர ஆட்ரி ஜெஃபர்ஸ் நெடுஞ்சாலையை விட்டால் உருப்படியான வழி கிடையாது. வடக்கே மரவாலிலிருந்து சாடில் ரோடு ஒன்றுதான். இந்தப் பகுதிகளெல்லாம் அழகு, பாதுகாப்பு, வெளிநாட்டினர் விரும்பும் இடம், எல்லாம் உண்மை. ஆனால் காலை ஆறரைக்குக் கிளம்பினால் ஒரு கதை, ஏழரைக்குக் கிளம்பினால் வேறு கதை. கிழக்கிலிருந்து வருபவர்கள் பீத்தம் நெடுஞ்சாலையில் படும் பாடு இதைவிட மோசம், ஆகவே அந்தப் பக்கமே வேண்டாம்.

ரைட்சன் ரோடு அலுவலகத்துக்கு என் கணக்கில் வுட்புரூக்கும் அதை ஒட்டிய நியூடவுனும்தான் முதலிடம். வுட்புரூக்கின் தென்பகுதியிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் அரியாபிட்டா அவென்யூவுக்கு இரண்டு தெரு தள்ளி எடுங்கள். அதுதான் ஊரின் உணவகம், மதுக்கூட வீதி, வெள்ளி இரவில் தூங்க விடாது. புத்தாண்டு முடிந்ததும் கார்னிவல் வரை ஸ்டீல்பேண்ட் என்ற எஃகு வாத்தியக் குழுக்களின் பயிற்சியும் இரவில் நடக்கும், அதை ரசிப்பவர்களுக்கு அது வரம்.

செயின்ட் ஜேம்ஸ் இரண்டாவது இடம். தெருப் பெயர்களே பாம்பே, லக்னோ, பட்னா, பனாரஸ். வெஸ்டர்ன் மெயின் ரோடு நள்ளிரவிலும் விழித்திருக்கும், ரொட்டிக் கடைகள் நிறைய. மெயின் ரோட்டுக்கு உள்ளடங்கிய தெருவாகப் பாருங்கள். செயின்ட் கிளேர், கேஸ்கேட், செயின்ட் ஆன்ஸ் எல்லாம் அமைதியானவை, வாடகை அதிகம்.

லாவன்டில், சீ லாட்ஸ், கிழக்கு போர்ட் ஆஃப் ஸ்பெயின் பக்கம் வீடு பார்க்க வேண்டாம். கொலைக் கணக்கில் பெரும்பங்கு கும்பல் சண்டை நடக்கும் சில குறிப்பிட்ட தெருக்களிலிருந்து வருகிறது. பெல்மாண்ட் பழைய அழகான பகுதிதான், ஆனால் தெருவுக்குத் தெரு மாறும். ஊர் பிடிபடும் வரை ஒத்திப்போடுங்கள்.

தரைத்தள வீடாக இருந்தால் சுவரில் ஈரக்கோடு தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். சவுத் கீ, ரைட்சன் ரோடு பகுதிகளில் கடல் ஏற்றமும் பெருமழையும் ஒரே நேரத்தில் வந்தால் வடிகால் நீர் கடலுக்குள் இறங்க முடியாமல் தெருவிலேயே நிற்கும். ஜூனிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலம். மரவாலிலும் டியேகோ மார்ட்டினிலும் ஆற்றோர வீடுகளுக்கு இதே சோதனை.

ஜன்னல் கம்பி எல்லா வீட்டிலும் இருக்கும். தீப்பிடித்தால் வெளியேற, குறைந்தது ஒரு படுக்கையறையிலாவது உள்ளிருந்து திறக்கும் கம்பிக்கதவு இருக்க வேண்டும். அதன் சாவியைக் குழந்தைக்கும் காட்டி வையுங்கள். வாடகையில் தண்ணீர் வரி, காவலாளி, ஏசி சர்வீஸ் எதெல்லாம் அடங்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வெளிநாட்டினருக்கு வாடகையை அமெரிக்க டாலரில் சொல்வது வழக்கம். உள்ளூர் டாலரில் கேட்டுப் பாருங்கள், காரணத்தை அடுத்து எழுதுபவர் சொல்வார் என்று நினைக்கிறேன்.

---

கோப்புக்கட்டு:

சொல்கிறேன். ஆனால் அதற்கு முன், பலர் கோட்டைவிடும் ஒன்று: மஞ்சள் காய்ச்சல் ஊசி. ட்ரினிடாட் போவதற்காக அல்ல, திரும்பி வருவதற்காக. மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாடுகளின் பட்டியலில் ட்ரினிடாடை இந்தியா வைத்திருக்கிறது. விடுமுறைக்குச் சென்னையில் இறங்கும்போது சான்றிதழ் இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுவார்கள். மூவருமே போட்டுக்கொண்டு, மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு எண்ணும் பெயரும் அட்டையில் எழுத்துப் பிசகாமல் இருக்கின்றனவா என்று அங்கேயே சரிபாருங்கள்.

வேலை அனுமதியை நிறுவனம்தான் வாங்க வேண்டும். 12 மாதத்தில் ஒரு முறை, 30 நாள் வரை அனுமதி இல்லாமல் வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. "அதை வைத்து வந்துவிடுங்கள், மீதியை இங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அனுமதி தாமதமானால் 31வது நாள் வீட்டில் உட்கார வேண்டியிருக்கும். உங்கள் அனுமதியை வைத்து மனைவி வேலை பார்க்க முடியாது, அவருக்குத் தனி அனுமதி வேண்டும். மகள் பள்ளியில் சேரக் குடிவரவுத் துறையின் மாணவர் அனுமதியும் தேவை, இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். பட்டச் சான்றிதழ், போலீஸ் நன்னடத்தைச் சான்று, திருமணச் சான்று, மகளின் பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, பள்ளி மாற்றுச் சான்று, எல்லாவற்றிலும் மூலமும் மூன்று நகலும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் போடாதீர்கள். அமெரிக்கா வழியாகப் பயணச்சீட்டு எடுத்தால், விமானம் மாறுவதற்கு மட்டும் என்றாலும் அமெரிக்க விசா வேண்டும்.

வரி: சம்பளத்தில் ஆண்டுக்கு முதல் 90,000 ட்ரினிடாட் டாலருக்கு வருமான வரி இல்லை. மீதியில் பத்து லட்சம் வரை 25 சதவீதம், அதற்கு மேல் 30. மாதம் 25,000 என்றால் ஆண்டுக்கு மூன்று லட்சம், வரிக்கு உட்படுவது 2,10,000, வரி 52,500. அதாவது மாதம் 4,375 போகும். அதோடு என்ஐஎஸ் என்ற தேசியக் காப்பீட்டுப் பிடித்தமும், வாரத்துக்கு 8.25 டாலர் சுகாதார வரியும் உண்டு. வரித்துறை எண்ணும் என்ஐஎஸ் எண்ணும் சேர்ந்த முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். வரி எண் இல்லையென்றால் அந்த 90,000 டாலர் விலக்கு கணக்கில் ஏறாமல் முழுச் சம்பளத்துக்கும் வரி பிடிக்க வாய்ப்புண்டு.

வங்கிதான் பொறுமையைச் சோதிக்கும். கேட்பது: இரண்டு அடையாள ஆவணம், வேலை அனுமதி, வேலைக் கடிதம், முகவரிச் சான்று, உங்கள் இந்திய வங்கியின் அறிமுகக் கடிதம். கடைசியாகச் சொன்னதை முத்திரையோடு இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், அங்கிருந்து கேட்டு வரவழைப்பது பெரும்பாடு. முகவரிச் சான்றுக்கு மின்கட்டண ரசீது வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கும். அந்த ரசீதோடு, நீங்கள் அங்கே குடியிருக்கிறீர்கள் என்று அவர் கையெழுத்திட்ட கடிதமும் அவருடைய அடையாள அட்டை நகலும் கேட்டு வாங்குங்கள். இதை வீட்டு ஒப்பந்தம் போடும் அன்றே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

இப்போது டாலர் விஷயம். ஒரு அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 6.8 ட்ரினிடாட் டாலர் என்பது வங்கிக் கணக்கு. ஆனால் அந்த விலைக்கு அமெரிக்க டாலர் கேட்டால் கிடைக்காது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. வங்கிகள் வாடிக்கையாளருக்கு அளந்துதான் விற்கின்றன, கடன் அட்டையில் வெளிநாட்டுச் செலவுக்கும் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. சம்பளம் முழுவதும் உள்ளூர் டாலரில் வந்தால், ஊருக்கு அனுப்ப வேண்டிய கடன் தவணைக்கு மாதாமாதம் வங்கி வாசலில் நிற்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நிறுவனத்தோடு பேசி, சேமிப்புப் பங்கை அமெரிக்க டாலராக வெளிநாட்டுக் கணக்கிலோ இந்தியாவிலோ போடச் சொல்லுங்கள், வீட்டுச் செலவுக்கு மட்டும் உள்ளூர் டாலர் போதும். ஒரு நிபந்தனையை மட்டும்தான் உங்களால் பேரம் பேச முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். வாடகையை உள்ளூர் டாலரில் கேட்கச் சொன்னதும் இதனால்தான்.

---

அடுப்பங்கரை:

மின்சாரம் அங்கே 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பிளக் அமெரிக்கத் தட்டைக்கால். நம்மூர் 750 வாட் மிக்சியை ஓட்ட வேண்டுமானால் 1,500 வாட் தாங்கும் ஏற்று மின்மாற்றி வேண்டும். மிக்சி கிளம்பும்போது இழுக்கும் மின்சாரம் அதன் வாட் எண்ணைவிடப் பல மடங்கு, சின்ன மாற்றி சூடேறி நின்றுவிடும். அந்த மாற்றியைத் தூக்கவே ஆள் வேண்டும். கிரைண்டருக்கு வேறொரு சிக்கல்: அதில் இருப்பது இண்டக்ஷன் மோட்டார், ஹெர்ட்ஸ் கூடினால் வேகமும் கூடும். 50க்குச் செய்தது 60ல் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும், இழுவை குறையும், மாவு சூடாகும்.

ஆகவே பழையதைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். அமெரிக்கா, கனடாவுக்கென்று 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மிக்சியும் மேசைக் கிரைண்டரும் சென்னைக் கடைகளிலேயே கிடைக்கின்றன. அவை அங்கே நேராக ஓடும். கூடவே உதிரி: கிரைண்டர் பெல்ட் ஒன்று, மிக்சி கப்ளர் இரண்டு, குக்கர் கேஸ்கெட் இரண்டு, சேஃப்டி வால்வு இரண்டு. செல்பேசி, மடிக்கணினி சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். வீட்டில் ஏசிக்காக 230 வோல்ட் இணைப்பு இருக்கும். அதிலிருந்து ஒரு பிளக் இழுத்து நம்மூர் சாமானை ஓட்டலாம் என்று எலக்ட்ரீசியன் சொல்லக்கூடும். அந்த இணைப்பில் இரண்டு கம்பியிலும் கரண்ட் உண்டு, நியூட்ரல் கிடையாது. மிக்சி சுவிட்ச் ஒரு கம்பியைத்தான் துண்டிக்கும். ஈரக்கை படும் சமையலறையில் அது வேண்டாம்.

இட்லிக்கு வருகிறேன். புழுங்கலரிசி எல்லாக் கடையிலும் உண்டு, ஆனால் நீள அரிசி. உளுந்தை 'உர்தி' என்று கேளுங்கள். நாலுக்கு ஒன்று அளவு. அரிசியை ஆறு மணி நேரமாவது ஊறவைக்க வேண்டும், நீள அரிசி கெட்டி. அதிலேயே இட்லி ஊற்றினால் வறண்டு பிளக்கும், அரைக்கும்போது ஒரு கைப்பிடி ஊறிய அவலோ பழைய சோறோ சேர்த்தால் சரியாகும். வெக்கை ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதால் மாவு ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். இரவு பத்துக்குக் கரைத்து விடிகாலை எழாமல் விட்டால் புளித்து வழியும்.

அங்கே 'டால்' என்றால் மஞ்சள் பட்டாணிப் பருப்பு. துவரம்பருப்பு என்று நினைத்துச் சாம்பார் வைத்தால் மாவு மாதிரி வரும். ஊறவைத்து, குக்கரில் விசில் கூட்டி, கடைந்து பயன்படுத்தலாம், ருசி வேறுதான். ஆனால் டிசம்பரிலிருந்து மார்ச் வரை சந்தையில் பச்சையாக வரும் 'பிஜியன் பீஸ்' நம் துவரையேதான். உரித்துக் குழம்பு வைத்தால் ஊர் ஏக்கம் கொஞ்சம் தணியும்.

காய்களின் பெயர் தெரிந்தால் சந்தை நம் சந்தை ஆகிவிடும். போடி என்பது நீளப் பயத்தங்காய். காரைலி பாகல், ஜிங்கி பீர்க்கு, லவ்கி சுரை, சைஜன் முருங்கை, பைகன் கத்தரி, எட்டோ சேப்பங்கிழங்கு. கறிவேப்பிலையைக் 'காராபிலே' என்பவர்கள் உண்டு. 1845 மே 30 அன்று ஃபத்தேல் ரசாக் கப்பல் வந்ததிலிருந்து 1917 வரை ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக இறங்கினார்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழி வந்த போஜ்புரிக்காரர்கள், மதராஸ் துறைமுகத்தில் ஏறியவர்கள் குறைவு. அதனால்தான் காய்ப் பெயரெல்லாம் இந்தி வாடை அடிக்க, கறிவேப்பிலை மட்டும் தமிழில் நிற்கிறது. அந்தச் சொல்லைக் கடைக்காரர் வாயில் கேட்கும்போது நெஞ்சு நிறைந்துவிடும்.

கொத்தமல்லித் தழைக்குப் பதில் 'ஷேடோ பெனி' கிடைக்கும், நீண்ட ரம்ப இலை. வாசம் பல மடங்கு தூக்கல், மூன்றில் ஒரு பங்கு போட்டால் போதும். மிளகாயில் கவனம். சமையலுக்கு வாசத்துக்காகப் போடும் காரமில்லாத பிமென்டோ நீளமாக இருக்கும். உருண்டு சுருங்கியது காரம், அதில் கால் பங்கு, விதை நீக்கி, ஒரு குழம்புக்குப் போதும். டஷீன் என்ற சேம்பு இலையைக் கீரை மாதிரி ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடாதீர்கள், அரை மணி வேகாவிட்டால் தொண்டை அரிக்கும்.

சைவம் என்றால்: டபுள்ஸில் இறைச்சி கிடையாது. மென்மையான இரண்டு 'பாரா' ரொட்டி, நடுவில் கொண்டைக்கடலைக் குழம்பு, காலைச் சாப்பாடு. காரத்துக்கு 'ஸ்லைட்' என்று சொன்னாலே நமக்குப் போதும். மகளுக்கு 'நோ பெப்பர்'. கலலு என்ற பதார்த்தம் கீரைக் குழம்பு மாதிரி தெரியும், அதில் நண்டோ உப்பிட்ட இறைச்சியோ இருக்கும், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

---

புதுக்குடி:

மிக்க நன்றி, கிரைண்டரைப் பொட்டலத்திலிருந்து எடுத்துவிட்டோம். சம்பளப் பங்கீட்டைப் பற்றி இன்றே நிறுவனத்துக்கு எழுதுகிறேன். கார் விஷயம் மட்டும் பாக்கி. மாக்சி டாக்சி என்ற பங்கு வேனில் குழந்தையோடு ஏறலாமா?

---

சவானா சுற்று:

ஏறலாம், பகலில். நிறம் படிக்கத் தெரிந்தால் போதும். வெள்ளை வேனின் பக்கவாட்டில் ஓடும் பட்டைதான் வழித்தடம்: மஞ்சள் என்றால் நகரும் மேற்கும், சிவப்பு கிழக்கே அரிமா வரை, பச்சை சகுவானாஸ், சான் ஃபெர்னாண்டோ பக்கம். சிவப்பும் பச்சையும் சவுத் கீயில் இருக்கும் சிட்டி கேட் நிலையத்தில் கூடும். பங்கு டாக்சி என்பது சாதாரண கார்தான், நம்பர் பலகை 'எச்' எழுத்தில் தொடங்க வேண்டும். 'பி' என்று தொடங்கும் சொந்தக் கார்களும் ஆள் ஏற்றும், அது சட்டவிரோதம், ஏறாதீர்கள். சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், நூறு டாலரை நீட்டினால் முகம் மாறும். அரசுப் பேருந்தில் காசு வாங்க மாட்டார்கள், சீட்டை முன்பே வாங்க வேண்டும். இருட்டிய பிறகு தெரிந்த டாக்சிக்காரர் அல்லது செயலி வழி வண்டி.

வண்டியில் ஏறியதும் எல்லாருக்கும் பொதுவாக 'குட் மார்னிங்' சொல்ல வேண்டும். கடையில், மருத்துவர் காத்திருப்பறையில், லிஃப்டில், எங்கேயும் இதே வழக்கம். சொல்லாமல் நேராக விஷயத்துக்கு வருபவர் மரியாதை தெரியாதவர். இருட்டியபின் 'குட் நைட்' என்பது அங்கே விடைபெறும் சொல் அல்ல, வணக்கம். இதை முதல் நாளே பழகினால் அரசு அலுவலகத்தில்கூட வேலை இலகுவாகும். அங்கே போகும்போது தோள் மூடிய சட்டையும் முழுக்காற்சட்டையும் போடுங்கள்.

வாகனம் இடப்பக்கம் ஓட்டுவதால் நமக்குச் சிரமமில்லை. வெளிநாட்டு உரிமத்தோடு மூன்று மாதம் வரை ஓட்டலாம், பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். சர்வதேச அனுமதியை இங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் முடியும் முன் உள்ளூர் உரிம வேலையைத் தொடங்கிவிடுங்கள். கார் வாங்குவதென்றால் ஜப்பானிலிருந்து வரும் பழைய கார்கள் மலிவு. உப்புக் காற்றில் அடிப்பாகம் துரு பிடித்திருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊர் சுற்றலைக் குயின்ஸ் பார்க் சவானாவிலிருந்து தொடங்குங்கள். சுற்றளவு மூன்றரை கிலோமீட்டர், வண்டிகள் கடிகார திசையில் ஒருவழியாகச் சுற்றும். மாலை ஐந்துக்கு மேல் நடப்பவர்கள், ஓடுபவர்கள், இளநீர் வண்டிகள். மேற்கு ஓரத்தில் ஏழு பழைய மாளிகைகள் வரிசையாக நிற்கும், குயின்ஸ் ராயல் கல்லூரியின் மணிக்கூண்டில் ஆரம்பித்து ஸ்டோல்மேயர் கோட்டை வரை ஒரே நடையில் பார்த்துவிடலாம். வடக்கே 1818ல் அமைத்த தாவரவியல் பூங்கா, பக்கத்திலேயே விலங்குக் காட்சிச்சாலை. குழந்தைக்கு ஒரு சனிக்கிழமை காலை அதில் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃப்ரெடரிக் தெருப் பக்கம் கடைகள் மூடி வெறிச்சோடும், அப்போது அங்கே நடக்க வேண்டாம்.

கடல் என்றால் எல்லாரும் மரக்காஸ் என்பார்கள். வடகரைச் சாலை மலையேறி இறங்கும், வழியில் நின்று அன்னாசி 'சௌ' வாங்குங்கள், உப்பும் மிளகாயும் ஷேடோ பெனியும் போட்டது, நம் மாங்காய்க் கீற்றின் தம்பி. கடற்கரை அழகு, ஆனால் உள்ளிழுக்கும் நீரோட்டம் உண்டு. சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். தனிச் சிவப்புக் கொடி பறந்தால் கால் நனைப்பதோடு சரி. எட்டு வயதுக் குழந்தைக்கு சாகுவராமாஸில் இருக்கும் மக்கரிப் சிறு குடாதான் ஏற்றது, அலை அடக்கம். அதே டக்கர் பள்ளத்தாக்கில் மூங்கில்கள் வளைந்து கூரையிட்ட பாதை ஒன்று இருக்கிறது, விடிகாலையில் போனால் குரங்குகளின் ஓலம் கேட்கலாம்.

தெற்கே ஒரு நாள் ஒதுக்குங்கள். வாட்டர்லூவில் கடலுக்குள் நிற்கும் கோயில்: சிவ்தாஸ் சாது என்ற கரும்புத் தொழிலாளி, கம்பெனி நிலத்தில் கட்டிய கோயிலை இடித்துச் சிறையிலும் தள்ளியதால், யாருக்கும் சொந்தமில்லாத கடலில் சைக்கிளிலும் வாளியிலும் கல் மண் சுமந்து கட்டினார். 1995ல் புதுப்பித்தார்கள். பக்கத்தில் காராபிச்சைமாவில் 85 அடி அனுமன். இரண்டும் அரை நாள் வேலை, காலை வெயில் ஏறும் முன் போங்கள், கல் தளத்தில் வெறுங்கால் சுடும். தீபாவளி அங்கே தேசிய விடுமுறை, அதற்கு முந்தைய இரவுகளில் சகுவானாஸின் தீபாவளி நகர் ஜேஜே என்றிருக்கும். பூஜை வீட்டுக்கு அழைத்தால் மறுக்காதீர்கள், சோஹரி என்ற அகல இலையில் சாப்பாடு பரிமாறுவார்கள்.

ஜனவரி வந்ததும் மாலையில் ஸ்டீல்பேண்ட் பயிற்சி முற்றமான 'பான்யார்ட்' போங்கள். வுட்புரூக்கில் ஃபேஸ் டூ, இன்வேடர்ஸ் குழுக்களின் முற்றங்கள் எல்லாம் நடை தூரம். பயிற்சியைக் கட்டணமில்லாமல் நின்று கேட்கலாம். நூறு பேர் சேர்ந்து எண்ணெய்ப் பீப்பாயில் பிறந்த வாத்தியத்தை அடிப்பதை மைதானத்தில் கேட்பதைவிட அங்கே கேட்பதே மேல். மகளுக்குக் காதடைப்பான் அவசியம்.

---

கோப்புக்கட்டு:

சில துணுக்குகள் விட்டுப்போயின. ராணுவ உருமறைப்பு (காமஃப்ளாஜ்) வடிவம் போட்ட உடை, பை, தொப்பி எதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது, குழந்தை உடையாக இருந்தாலும் சட்டப்படி தடை. போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 811, தீயணைப்பு 990. இந்தியத் தூதரகம் நகருக்குள்ளேயே விக்டோரியா அவென்யூவில். நேரம் நமக்கு ஒன்பதரை மணி பின்னால், அங்கே காலை ஏழு என்றால் சென்னையில் மாலை நாலரை, வீட்டாரோடு பேச அதுதான் தோது. கார்னிவல் திங்களும் செவ்வாயும் சட்டப்படி விடுமுறை அல்ல, ஆனால் எதுவும் திறந்திருக்காது. வுட்புரூக்கில் வீடு எடுத்தால் ஞாயிறு மாலைக்குள் காய்கறி, எரிவாயு, மருந்து வாங்கிவிடுங்கள், காரை வெளியே எடுக்க முடியாது. பலமுறை அவசரநிலை அறிவித்த நாடு அது, 2024 டிசம்பர் 30ல் ஒன்று தொடங்கியது. அறிவிப்பு வந்தால் ஊரடங்கு நேரம் உண்டா என்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

---

தொட்டித்தண்ணீர்:

சவானா சுற்று ஒன்றை விட்டுவிட்டார்: கரோனி சதுப்புநிலம். செக்கச்சிவந்த அரிவாள்மூக்கன் கூட்டம் அடைவதற்குத் திரும்பும் நேரத்தைப் பார்க்கத்தான் படகு, மாலை நாலு மணி வாக்கில் கிளம்பும். நகரிலிருந்து மூன்றுக்கே புறப்படுங்கள், வழியில் நெரிசல். படகு பறவைகளுக்கு வெகு தூரத்தில் நிறுத்தும், ஆகவே இருநோக்கி இல்லாமல் போனால் பச்சை மரத்தில் சிவப்புப் பொட்டுகள்தான் தெரியும். கொசு மருந்தைக் கணுக்காலில் தடவ மறக்காதீர்கள். படகின் இடப்பக்கமா வலப்பக்கமா என்று கவலைப்பட வேண்டாம், கடைசியில் படகோட்டி திருப்பிக் காட்டுவார்.